மாமா கட்டக்கூடாத பில்

மாமா வெளிநாட்டு வேலைக்கு விமானம் ஏறியது ஒரு செவ்வாய்க்கிழமை. அன்று அத்தைக்குக் காய்ச்சல், மகளுக்குக் கணக்குப் பரீட்சை. இரண்டையும் சாக்காக வைத்து இருவரும் வீட்டு வாசலோடு நின்றுகொண்டார்கள். நானும் அம்மாவும்தான் விமான நிலையம் வரை போனோம். நாங்கள் திரும்பி வருவதற்கான வாடகையையும் சேர்த்து மாமா டிரைவர் கையில் திணித்துவிட்டுப் போனார்.

மாமா லிஃப்ட் மெக்கானிக். கயிறு இழுபடும் சத்தத்தை வைத்தே எந்த மாடியில் என்ன கோளாறு என்று சொல்லிவிடுவார். ஓட்டலில் பில் வரும் காலடிச் சத்தத்துக்கும் அதே காதுதான். சர்வர் மேசைக்கு வருவதற்குள் இவர் பாதி வழியில் போய் மறித்துவிடுவார். அடுத்தவர் காசில் டீ குடித்தால் அது அவருக்குச் செரிக்காது.

இரண்டு வருடத்தில் அத்தையும் மகளும் அவர் விசாவை ஒட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தார்கள். மாமாவின் வேலை பிடித்துப்போன முதலாளி, குடும்பத்தோடு நிரந்தரமாக அங்கேயே தங்கும் உரிமைக்கு மனுப் போடலாம் என்றார். அதற்கு முதல் படி, அந்த வேலைக்கு உள்ளூரில் ஆள் இல்லை என்று காட்ட ஒரு விளம்பரம். மாமா தன் வேலையையே பேப்பரில் படித்துவிட்டு, நல்ல வேலையாக இருக்கிறதே, போட்டுப் பார்க்கலாமா என்றாராம். உங்களுக்கு அனுபவம் பத்தாது என்றாளாம் அத்தை.

சிரிப்புக்கு அடியில் ஒரு கவலை இருந்தது. மகளுக்கு இருபத்தொன்று ஆவதற்குள் இந்த மனு வேலை முடிய வேண்டும். தாண்டிவிட்டால் அவள் அப்பாவின் மனுவிலிருந்து கழன்றுவிடுவாள். பிறகு தனியாக விசா தேட வேண்டும், இல்லையென்றால் பெட்டி கட்ட வேண்டும்.

அவளுக்குப் பதினெட்டு நடந்தபோது நான் ஒற்றைப் பையோடு ஊர் சுற்றிக்கொண்டு அவர்கள் வீட்டு சோபாவில் ஆறு வாரம் கிடந்தேன். ஒருநாள், மனுவைக் கவனித்துவந்த வக்கீலம்மா கூப்பிட்டனுப்பினார். நம் பாஷைக்காரர். துணைக்கு நானும் போனேன். அவர் பத்து நிமிடக் கணக்கில் ஃபீஸ் போடுகிறவர் என்பதால் மாமா சௌக்கியம்கூட விசாரிக்கவில்லை.

வக்கீலம்மா ஒரு காகிதத்தைத் திருப்பி வைத்தார். மாமா கணக்கிலிருந்து கம்பெனிக் கணக்குக்கு எட்டு மாதம் பணம் போயிருந்தது. ஒவ்வொன்றுக்கும் எதிரே, ‘வக்கீல் ஃபீஸ், விளம்பரம் - என் பங்கு’ என்று மாமாவே சுத்தமாகக் குறிப்பு எழுதியிருந்தார். முதலாளி வேண்டாம் என்றதும், அவருக்குத் தெரியாமல் நேரே கணக்கில் போட்டிருக்கிறார்.

“இது என்ன சார்?”

“எனக்காக அவர் இவ்வளவு செலவு பண்றார். நான் கையைக் கட்டிக்கிட்டு இருந்தா நல்லாவா இருக்கும்?”

“கட்டிக்கிட்டுதான் இருக்கணும் சார். இந்தக் கட்டத்துச் செலவு மொத்தமும் கம்பெனியோடது. வேலை பார்க்கிறவர் ஒரு பைசா தரக்கூடாது, அதுதான் சட்டம்.”

பணத்தைக் கம்பெனி திருப்பித் தர வேண்டும், மனுவைத் திரும்பப் பெற்று விளம்பரத்திலிருந்து மறுபடி தொடங்க வேண்டும், குடியேற்ற வரிசையில் பிடித்த இடமும் போச்சு என்று அவர் விளக்கினார். மாமா காகிதத்தில் இருந்த எட்டுக் குறிப்புகளையும் விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார்.

“பொண்ணுக்கு இருபத்தொண்ணு ஆறதுக்குள்ள முடியுமா?”

“சொல்ல முடியாது சார்.”

கிளம்பும்போது பழக்கதோஷத்தில் பர்ஸை எடுத்தார். வக்கீலம்மா பார்த்த பார்வையில், திருடிய பொருளைப் போல அதை உள்ளே வைத்துக்கொண்டார்.

வீட்டில் அத்தை விடுவாளா? “ஊர்ல எல்லாரும் கட்டாம மாட்டிக்குவாங்க. நீங்க கட்டி மாட்டிக்கிட்டீங்க” என்றாள். நான் சிரித்துவிட்டேன். மகள் சிரிக்கவில்லை. தட்டைப் பார்த்தபடியே, “அப்போ நான் மட்டும் போகணுமாப்பா?” என்றாள். மாமா எழுந்து போய் ரிப்பேர் இல்லாத குழாயை ரிப்பேர் செய்ய ஆரம்பித்தார்.

கம்பெனி மறுபடி விளம்பரம் கொடுத்தது. இந்தத் தடவை மாமா அதைச் சத்தமாகப் படிக்கவில்லை. வரிசை நகர்ந்ததா நின்றதா என்று மாதாமாதம் பார்த்து, அத்தையிடம் மட்டும் மெதுவாகச் சொல்வார். கடைசிக் கட்டம் வந்தபோது, மனைவிக்கும் மகளுக்குமான ஃபீஸை நீங்களே கட்டலாம் என்றார் வக்கீலம்மா. மாமா அன்று மதியமே கட்டிவிட்டு, ரசீதை எனக்கும் அனுப்பிவைத்தார். அதற்குள் நான் சுற்றியது போதும் என்று ஊர் திரும்பியிருந்தேன்.

அதன்பிறகு பல மாதம் மனுவைப் பற்றிப் பேச்சில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் அவர் குழாயைத் தேடிப் போய்விடுவார்.

போன வியாழக்கிழமை மகளிடமிருந்து செய்தி வந்தது: “அக்கா, மூணு பேருக்கும் அப்ரூவ் ஆயிடுச்சு. என் பிறந்தநாளுக்கு இன்னும் பத்தொன்பது நாள் இருக்கு. அப்பா பன்னிரண்டாவது மாடிக்கு மேல மோட்டார் ரூம்ல இருக்கார், சிக்னல் கிடைக்கல. நானும் அம்மாவும் கீழே நிக்கிறோம். அந்த லிஃப்டைத்தான் அப்பா பிரிச்சுப் போட்டிருக்கார். படி ஏறப் போறோம்.”