அண்ணியும் நானும் ஒரே வகுப்பில்

எங்கள் கல்லூரியின் கணினிக் கூடத்துக்குள் செருப்புக் காலோடு போகக்கூடாது. வாசலில் கிடக்கும் குவியலில் ஒரே மாதிரி இரண்டு ஜோடிகள் எப்போதும் இருக்கும். பழுப்பு நிறம், பின்னால் வார் வைத்தவை. நகரியில் அம்மா தேடி வாங்கியவை. ஒன்று என்னுடையது, மற்றது என் அண்ணியுடையது. இரண்டு பேருக்கும் ஒரே அளவு என்பதால் அவசரத்தில் ஆளுக்கொன்றாக மாற்றிப் போட்டுக்கொண்டு பாதி வழியில் கண்டுபிடித்துச் சிரித்திருக்கிறோம். நாத்தனாரும் அண்ணியும் ஒரே வகுப்பில் படிக்கிறார்கள் என்பது அந்தக் கல்லூரியில் கொஞ்ச நாள் எல்லோருக்கும் வேடிக்கையாக இருந்தது. எங்களுக்கும்தான்.

எங்கள் ஊர் நகரியை அடுத்த விஜயபுரம் பக்கம். நைனாவும் அம்மாவும் பிறர் கழனியில் கூலிக்குப் போய், பிறகு சொந்தமாகக் கொஞ்சம் நிலம் வாங்கி வேர்க்கடலை போட்டவர்கள். அண்ணன் குவைத்தில் ஏசி மெக்கானிக். அண்ணி நகரியில் விசைத்தறி ஓட்டும் வீட்டுப் பெண். விலங்கியலில் பட்டம் முடித்த கையோடு கல்யாணம் ஆனது. விடுப்பு முடிந்ததும் அண்ணன் விமானம் ஏறிவிட்டார். அதன் பிறகு எங்கள் வீட்டில் அண்ணியின் குரலைக் கேட்டவர்கள் குறைவு. கேட்டதற்கு ஒரு 'ம்', அழைத்தால் ஒரு 'தோ வரேன் அத்த'. நல்ல மருமகள் கிடைத்தாள் என்று அம்மா அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொள்வாள்.

சாஃப்ட்வேருக்கு அடுத்து இதுதான் என்று உயிர் தகவலியலைப் பற்றி எல்லோரும் பேசிய காலம் அது. உயிரணுக்களுக்குள் இருக்கும் மரபுச் செய்தியைக் கணினியில் போட்டு ஆராயும் படிப்பு. திருப்பதியில் ஒரு கல்லூரியில் முதுகலைப் பிரிவு புதிதாகத் தொடங்கியிருந்தார்கள். எனக்கு இடம் கிடைத்தது. வயசுப் பெண்ணை நகரத்தில் தனியாக விடமாட்டேன் என்று அம்மா ஒரே பிடியாக நின்றாள். கடைசியில் அவளே ஒரு வழியும் சொன்னாள். அலிபிரிக்குப் போகும் சாலையில் ஓர் அறை எடுப்பது, எனக்குத் துணையாக அண்ணியை அனுப்புவது. "சமைச்சிப் போட்டுக்கினு கூட இருக்கட்டும். இங்க சும்மாதான கீறா" என்றாள். அண்ணியிடம் யாரும் கேட்கவில்லை.

சேர்க்கை நாளன்று துறைத் தலைவரின் அறையில் என் சான்றிதழ்களை அண்ணிதான் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். துறைத் தலைவர் தெலுங்கில், "நீங்க என்னம்மா படிச்சிருக்கீங்க?" என்று பேச்சுக்குக் கேட்டார். அண்ணி சொன்னார். பாதி இடம் காலியாக இருக்கிறது, நீங்களும் சேரலாமே என்றார் அவர். பேச்சுக்குச் சொன்னதாகத்தான் நான் நினைத்தேன். அண்ணி வெளியே வந்ததும் நேராகத் தொலைபேசிக் கடைக்குப் போய்க் குவைத்துக்குப் பேசினார். "சும்மா உக்காந்துக்கினு இருக்கறதுக்குப் படியேன்" என்று அண்ணன் சொல்லிவிட்டார். ஒரு வாரத்தில் அண்ணி என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

படிப்பு நினைத்ததைவிடக் கடினம். உயிரியல் படித்து வந்தவர்களுக்கு நிரல் எழுதத் தெரியாது. கணினி படித்து வந்தவர்களுக்கு புரதம் என்றால் பருப்பு. ஒரு அரைப்புள்ளி விட்டுப்போனதற்காக ஒரு பகல் முழுவதும் திரையை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு எரிச்சல் வரும். அண்ணிக்கு வராது. பிழை என்று திரை காட்டினால், யாரோ தன்னிடம் கேள்வி கேட்டதுபோல முகம் மலரும். வெளிநாட்டுக் கணினி ஒன்றுக்கு மரபுச் செய்தியின் எழுத்து வரிசையை அனுப்பிவிட்டு, மெதுவான இணையத்தில் பதில் வரக் காத்திருக்கும் நேரத்தில் அண்ணி பேசுவார். நகரியில் பள்ளிக்குப் போன கதை, தறிச் சத்தத்தில் உரக்கக் கத்திப் பாடம் படித்த கதை. வீட்டில் நான் அறியாத ஒருத்தி அங்கே இருந்தார்.

கடைசிப் பருவத்தில் அண்ணனிடமிருந்து தகவல் வந்தது. கம்பெனியில் குடும்ப விசா கொடுத்துவிட்டார்கள், உடனே கிளம்ப வேண்டும், தவறவிட்டால் அடுத்து எப்போது கிடைக்குமோ தெரியாது. ஆய்வறிக்கையும் தேர்வும் மிச்சமிருந்தன. அண்ணி தொலைபேசியில், முடித்துவிட்டு வருகிறேன் என்றார். அண்ணன் குரல் உயர்ந்தது. பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டது. "படிச்சி இன்னா பண்ணப் போற? குடும்பம் நடத்தணுமா வேணாமா?" மறுநாளே அண்ணியைக் கூட்டிப்போக அம்மா நகரி பஸ்ஸைப் பிடித்து, அங்கிருந்து மாறி வந்து சேர்ந்தாள்.

"துணிய மடிச்சி வெய்யிமா. காலைல கெளம்பலாம்" என்றாள் வந்ததும்.

அண்ணி சமையலை நிறுத்தவில்லை. "நாளைக்கு நான் பேசணும் அத்த, காலேஜில. அத மட்டும் முடிச்சிட்டு சொல்றேன்."

"இன்னா சொல்லப் போற?"

"வரேனா இல்லியான்னு."

அம்மா என்னைப் பார்த்தாள். நான், "அவங்க பேசட்டும்மா. நீயும் வந்து உக்காரு" என்றேன். 

காட்டு வேர்க்கடலைச் செடியின் ஒரு புரதத்தை, நாம் பயிரிடும் செடியின் புரதத்தோடு எழுத்து எழுத்தாக ஒப்பிட்டது அண்ணியின் ஆய்வு. இலைப்புள்ளி நோயை ஒன்று தாங்குகிறது, மற்றது ஏன் தாங்கவில்லை என்பது கேள்வி. மறுநாள் கருத்தரங்கு அறையின் கடைசி வரிசையில் அம்மா சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். திரையில் முதல் படம் வந்ததும், "நம்ம கல்லச் செடி" என்று என் கையைத் தொட்டாள். அதன் பிறகு அவளுக்குப் புரிந்தது எதுவும் இல்லை. எல்லாம் ஆங்கிலம். ஆனால் அவள் படத்தைப் பார்க்கவில்லை, அண்ணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் மறித்து மறித்துக் கேட்டார். அண்ணி ஒரு கேள்விக்கும் தலையைக் குனியவில்லை. ஒரு இடத்தில், அது அப்படியில்லை சார் என்று நிமிர்ந்து மறுத்தார். தேர்வாளர் யோசித்துவிட்டுத் தலையாட்டினார்.

வெளியே வந்ததும் வேப்பமர நிழலில் அம்மா அண்ணியின் கையைப் பிடித்து நிறுத்தினாள். கேட்டாள்:

"இவ்ளோ பேசறியே, வூட்ல ஏம்மா வாயே தொறக்க மாட்டேங்கற?"

அண்ணியின் கண்கள் நிறைந்துவிட்டன. "யாரும் ஒண்ணும் கேக்கலியே அத்த."

அன்று மாலை அம்மாவே தொலைபேசிக் கடைக்கு நடந்தாள். கண்ணாடிக் கதவைச் சாத்தக்கூடத் தெரியாமல், சாலைக்கே கேட்கும்படி மகனிடம் சொன்னாள்: "பரிட்ச எழுதிட்டுதான் வருவா. நான்தான் சொல்றேன். என்னாண்ட கோவப்படு, அவளாண்ட காட்டாத."

நல்ல முடிவுக்கு நல்ல பலன் உடனே வந்துவிடவில்லை. அந்த விசா காலாவதியானது. அண்ணன் பல மாதம் அண்ணியோடு சரியாகப் பேசவில்லை. எங்கள் படிப்புக்கென்று சொல்லப்பட்ட வேலைகளும் வரவில்லை. நிரல் எழுதப் பழகியிருந்ததை வைத்து நான் சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சேர்ந்துவிட்டேன். சோதனைப் பிரிவு, மரபணுவுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அண்ணி சென்னை, ஹைதராபாத் என்று நேர்காணலுக்குப் போனார். புருஷன் வெளிநாட்டில், நீங்களும் போய்விடுவீர்கள்தானே என்று ஒவ்வொரு இடத்திலும் கேட்டார்கள். அடுத்த விசா கிடைத்ததும் போய்விட்டார். அங்கே மகள் பிறந்தாள். அண்ணனின் கோபம் குழந்தை முகம் பார்த்துக் கரைந்தது. வருடங்கள் ஓடின. நான் விசாரிக்கும்போதெல்லாம் வீடு, குழந்தை, வெயில் இவற்றைப் பற்றி மட்டும் சொல்வார். பெருமூச்சு இருக்காது என்பதே எனக்கு வருத்தமாக இருக்கும்.

குவைத்தில் ஆட்குறைப்பு வந்து மூவரும் ஊர் திரும்பினார்கள். அண்ணனுக்கு சத்தியவேட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. மகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு அண்ணி பழைய பாடத்தைப் புதிதாகப் படிக்கத் தொடங்கினார். நாங்கள் கற்ற நிரல்மொழியை இப்போது யாரும் தொடுவதில்லை. சின்னப் பிள்ளைகளின் காணொளிகளைப் பார்த்துப் புதியதைக் கற்றார். விண்ணப்பங்கள் பல திரும்பி வந்தபின், விதை ஆராய்ச்சி செய்யும் பெங்களூர் நிறுவனம் ஒன்று வீட்டிலிருந்தே வேலை பார்க்க எடுத்துக்கொண்டது. எங்கள் வகுப்பில் படித்த படிப்பையே தொழிலாகச் செய்பவர், எனக்குத் தெரிந்து, அவர் ஒருவர்தான்.

போன மாதம் சத்தியவேட்டுக்குப் போயிருந்தேன். சாப்பிட்டுக்கொண்டே, மனதில் நெடுநாளாக இருந்ததைக் கேட்டேன். "நடுவுல போன வருஷத்தையெல்லாம் நெனச்சா வருத்தமா இல்லியா அண்ணி?"

அண்ணி ரசத்தை ஊற்றிக்கொண்டே யோசித்தார். "இருந்துச்சி பாப்பா. அங்க தெனம் இருந்துச்சி. சொல்லத்தான் மாட்டேன்." கைபேசி மணியடித்தது. பெங்களூரிலிருந்து. எச்சில் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எழுந்தவர், திரும்பிச் சிரித்தார். "இப்ப அதுக்கு நேரமில்ல. நீ நல்லா துன்னு, வந்துடறேன்."