ஆறாம் படுக்கையில் குறைந்த மருந்து

இதில் ஒரு வரிகூட நான் கூட்டிச் சொல்லவில்லை. தூத்துக்குடியில் பதினொரு வருஷமாக ஐ.சி.யூ. நர்ஸாக இருக்கிறேன். யாராவது பேய்க் கதை ஆரம்பித்தால் சிரிப்பேன்... போன நவம்பர் வரைக்கும்.

ஞாயிற்றுக்கிழமை. பட்டப்பகல். ஆறாம் படுக்கையில் பெனிஸ்டன். தருவைகுளத்துக்காரர், சங்கு குளிப்பவர். காலில் பட்ட வெட்டு சீழ்பிடித்து, விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது. பிரஷர் அறுபதைத் தாண்டவில்லை. பிரஷரை ஏற்றும் நாரட்ரினலின் மருந்தை சிரிஞ்ச் பம்ப்பில் போட்டு, மணிக்குப் பன்னிரண்டு மில்லி என்று வைத்திருந்தோம். அவர் உயிரைப் பிடித்து வைத்திருந்தது அந்த மருந்துதான். விரல் நுனிகள் ஏற்கெனவே கறுத்துப் போயிருந்தன.

2.10. மானிட்டர் அலறியது. பிரஷர் 52. பம்ப்பைப் பார்த்தேன்... ஒன்பது!

நான் குறைக்கவில்லை. வேறு யாரும் பக்கத்தில் வரவில்லை. மறுபடி பன்னிரண்டுக்கு ஏற்றி, பட்டன்களை லாக் செய்தேன். பட்டன்கள் ஈரமாக இருந்தன. விரலை முகர்ந்தேன்... கடல் தண்ணீர்.

2.25. திரும்பவும் அலறல். ஏழு. லாக் போட்டபடியே இருந்தது.

பெனிஸ்டன் கண் திறந்தார்.

"சிஸ்டர்... கொறைக்க வேண்டாம்னு அண்ணன்ட்ட சொல்லுங்க."

"எந்த அண்ணன்?"

"ஒங்க பக்கத்துலதான நிக்காவ..."

டாக்டர் சிவப்பிரகாஷ் ஓடி வந்தார். "பம்ப் ரிப்பேர் ஷீஜா. மாத்துங்க!"

புதுப் பம்ப் வைத்து, பதினைந்துக்கு ஏற்றினோம். வாசோபிரசின் என்ற இன்னொரு பிரஷர் மருந்தும் கொடுத்தோம். பிரஷர் அசையவில்லை.

2.40. என் கண்ணெதிரே எண் இறங்கியது. பதினைந்து... பன்னிரண்டு... எட்டு... டிக்... டிக்...

பட்டனை அழுத்தினேன். என் விரல்மேல் இன்னொரு விரல். ஜில்லென்று. தண்ணீரில் ஊறிச் சுருங்கிய தோல்...

கையை இழுத்துக்கொண்டேன்.

மூன்று...

பூஜ்யம்.

3.05. கோடு நேராக ஓடியது.

வெளியே அவர் மனைவி ஜெயஷீலா நின்றாள். விஷயத்தைச் சொன்னேன். அவள் அழவில்லை.

"மருந்து கொஞ்சங் கொஞ்சமா கொறஞ்சுதோ சிஸ்டர்?"

தலையாட்டினேன்.

"போன வருசம் சுந்தரராஜ் அண்ணன் கடலுக்கடியில சங்கு எடுத்துட்டு இருந்தாவ. போட்டுல, கீழ காத்து அனுப்புற கம்ப்ரசர் பக்கத்துல இவரு. ரெண்டு பேருக்கும் ஆகாது. அண்ணனுக்குப் போற காத்தக் கொஞ்சங் கொஞ்சமா கொறைச்சிட்டாரு. அண்ணன் பொணமாத்தான் மேல வந்தாவ. என்ட்ட மட்டுந்தான் சொன்னாரு."

படிக்கட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"அன்னைக்கிப் போட்டுல என் தம்பியும் உண்டு சிஸ்டர். பாத்துட்டு வாயத் தொறக்கல. இப்பத்தான் கீழ கேசுவாலிட்டியில கொண்டாந்து போட்டிருக்காவ... பிரஷர் எறங்கிக்கிட்டே போகுதாம்."