அக்கா பந்து தள்ளும் நேரம்

எங்கள் வீட்டில் குக்கர் விசில் அடிக்காது. அக்கா ஹாலில் பச்சை விரிப்பைப் போட்டு, கோல்ஃப் பந்தை மட்டையால் மெல்லத் தள்ளி, படுக்க வைத்த டம்ளருக்குள் விழவைத்துப் பழகுவாள். அந்த நேரத்தில் அம்மா சோற்றைப் பானையில்தான் வடிப்பாள். டிவியில் ஆட்கள் வாயை மட்டும் அசைப்பார்கள். பந்தைத் தள்ளும்போது சுற்றியிருப்பவர்கள் சத்தம் போடக் கூடாது என்று அக்கா ஆடப் போகும் மாமல்லபுரம் பக்கத்து விடுதியின் கோல்ஃப் புல்வெளியில் யாரோ சொல்லப்போக, அத்தா அதை வீட்டுச் சட்டமாக்கிவிட்டார். ஊரப்பாக்கம் ஸ்டேஷனுக்கு வரும் ரயில்களை மட்டும் அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

ஒருநாள் மாமா வந்தார். வாசலிலேயே தயங்கி நின்று, "இன்னா மச்சான், வூடே கப்சிப்னு கீது? யாருனா மௌத்தாயிட்டாங்களா?" என்றார். அத்தா உதட்டில் விரலை வைத்தார். பாவம், மாமா பக்கோடாப் பொட்டலத்தைப் பிரிக்கக்கூட பயந்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அக்காவுக்கு அப்போது பதினொரு வயது. தன்னைவிடப் பெரியவர்களை ஜெயித்துக் கோப்பையோடு வருவாள். எனக்கு ஆறு. எனக்குத் தெரிந்த ஒரே வித்தை சத்தமில்லாமல் இருப்பது. இருமல் வந்தால் தலையணைக்குள் இருமிக்கொள்வேன். அதற்காகத்தான் அத்தா என்னை மெச்சுவார்.

வெளியூர்ப் பயிற்சிப் பள்ளியில் இடம் கிடைத்து, அவள் மறுநாள் கிளம்ப வேண்டும். அன்று மதியம் அத்தா கடையில் இருந்தார். அம்மா உள்ளே பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். அக்கா பந்தைப் பார்த்தபடியே சொன்னாள்.

"ஏய், எதுனா பேசிக்கினே இரேன்டி."

நான் வாயைத் திறக்கவில்லை.

"இஸ்கூல்ல இன்னா நடந்துச்சு, அதையாவது சொல்லேன்."

என்னைச் சோதிக்கிறாள் என்று நினைத்தேன். நானா ஏமாறுகிறவள்? இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டேன். அவள் தள்ளிய பந்து டம்ளரைத் தாண்டிப்போய்ச் சுவரில் முட்டி நின்றது. அவள் அதை எடுக்காமல் என்னையே பார்த்தாள். பிறகு விரிப்பைச் சுருட்டிவிட்டாள். சாயங்காலம் அத்தாவிடம் நான் அதைப் பெருமையாகச் சொன்னேன்.

இப்போது அவளை டிவியில்தான் பார்க்கிறேன். ஏதோ ஒரு தேசத்துப் புல்வெளியில் அவள் குனிந்து நிற்க, கூடியிருப்பவர்கள் எல்லோரும் மூச்சை அடக்குகிறார்கள். ஊருக்குப் போகப்போகிற பெண்ணுக்கு வீட்டுக் குரல் ஒன்று வேண்டியிருந்தது என்பது ஆறு வயதில் எனக்குத் தெரியவில்லை. என் அடுப்படியில் குக்கர் கத்துகிறது. நான் டிவி அருகே போய் உட்கார்ந்து ஆரம்பிக்கிறேன்:

"அக்கா, இன்னிக்கு இஸ்கூல்ல இன்னா நடந்துச்சு தெரியுமா?"