வால்வு அம்பும் சகலனின் பெட்டியும்

என்னிடம் ஒரு வால்வு அம்ப் இருக்கிறது. கிட்டாரைச் செருகி வாசிப்பதற்கான பெரிய கறுப்புப் பெட்டி. பழைய ரேடியோக்களில் இருந்ததைப் போன்ற கண்ணாடிக் குழாய்கள் உள்ளே சூடேறிச் செம்மஞ்சளாக ஒளிரும். அதைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். போட்டவுடன் சத்தம் தராது. வால்வு சூடாகும்வரை காத்திருக்க வேண்டும். கல்முனை வெயிலில் அதற்குப் பக்கத்தில் ஒரு மணித்தியாலம் இருந்தால் சட்டையைப் பிழிந்து காயப்போடலாம். ஆனால் அந்தச் சத்தம்! அதைப் பற்றி நான் கதைக்கத் தொடங்கினால் வீட்டில் எல்லோருக்கும் திடீரென்று ஏதாவது ஒரு வேலை ஞாபகம் வந்துவிடும்.

வீடு என் மனைவியுடையது. எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீட்டைக் கொடுத்து மாப்பிள்ளையை அங்கே எடுப்பதுதான் வழக்கம். கலியாணத்தன்று நான் ஒரு சூட்கேசோடு வந்தேன். மறுநாள் அம்ப் லேண்ட்மாஸ்டர் ட்ரக்டரில் வந்தது. ஹோலின் யன்னலோர மூலையில் அதையும் என் கதிரையையும் குடியேற்றினேன். பிறகு மனைவி அபாயா தைத்துக் கொடுக்கத் தொடங்கினாள். ஓடர்கள் கூடக் கூட, கட்டிலோரம் முடங்கிக் கிடந்த தையல் மெஷினுக்கு வெளிச்சமான இடம் தேவைப்பட்டது. வீட்டில் வெளிச்சமான இடம் அந்த மூலை ஒன்றுதான்.

"இஞ்சாருங்க, அந்தப் பொட்டிய ஒங்கட உம்மாட வீட்ட கொண்டு வையுங்க. இல்லாட்டி வித்துப்போடுங்க. காரைதீவுல மியூசிக் படிப்பிக்கிற சேர் மூணு தரம் கேட்டுட்டார்" என்றாள்.

உம்மாவின் வீடு இப்போது என் தங்கையின் வீடு. அங்கே எனக்கே இடமில்லை, அம்புக்கு எங்கே? அப்படியென்றால் விற்பதுதான் மிச்சம். இன்றைக்கு நாளைக்கு என்று கடத்திக்கொண்டு வந்தேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் சகலன், அதாவது மனைவியின் தங்கையைக் கட்டியவன், ஒரு டிஜிட்டல் பெட்டி வாங்கினான். புத்தகமளவுதான் இருக்கும். உலகத்து அம்ப்கள் எல்லாவற்றின் சத்தத்தையும் அது நடித்துக் காட்டுமாம். என் அம்பும் அதற்குள் எட்டாவது இடத்தில் இருந்தது. எட்டாவது! முதலாவதாக இருந்திருந்தால்கூட இவ்வளவு கோபம் வந்திருக்காது.

"கண்ணக் கட்டிட்டுக் கேட்டா ரெண்டும் ஒண்டுதான் காக்கா" என்றான் அவன், பல்லைக் காட்டிக்கொண்டு. அண்ணன் முறைக்கு என்னைக் காக்கா என்பான்.

"விசர்க் கதை கதைக்காத தம்பி! கட்டு கண்ண. பத்துத் தரம் வாசி. எட்டுத் தரம் நான் சரியாச் சொல்லாட்டி அம்ப் காரைதீவுக்குப் போகும்."

"பொறகு பேச்சு மாறக் கூடா" என்று திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து மனைவியின் குரல் வந்தது.

அந்தத் திரைச்சீலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். சகலன் என் மனைவிக்கு அந்நிய ஆண். நான் அவள் தங்கைக்கு அந்நிய ஆண். நாங்கள் இருவரும் ஹோலில் இருந்தால் பெண்கள் மூவரும், அதாவது மனைவி, அவள் தங்கை, அவர்களின் உம்மாவான என் மாமி, சீலைக்கு அந்தப் பக்கம்தான். அவர்களுக்கும் காதில் கேட்குமே தவிர கண்ணுக்கு எதுவும் தெரியாது. இதைவிட நேர்மையான போட்டியை எந்த நாட்டிலும் நடத்த முடியாது என்று எனக்குப் பெருமையாகவும் இருந்தது.

வெள்ளிக்கிழமை பின்னேரம். ஹோலில் பிளக் பழுது என்பதால் அம்பின் வயர் சீலைக்குக் கீழால் உள்ளறைக்குப் போயிருந்தது. சகலனின் பெட்டியும் அதன் சிறிய ஸ்பீக்கரும் பெற்றரியில் ஓடுபவை. அந்த ஸ்பீக்கரை என் அம்பின் தலைமேலேயே வைத்தான். கிட்டாரை அம்புக்கும் பெட்டிக்கும் காலால் மிதித்து மாற்றிக்கொள்ள ஒரு சுவிட்சும் இருந்தது. நான் அம்பைப் போட்டு, வால்வு சூடாகும்வரை வால்வின் மகிமையை விளக்கிக்கொண்டிருந்தேன். அதற்குள் அஸருக்கு, அதாவது பின்னேரத் தொழுகைக்கு, பள்ளிவாசலில் வாங்கு சொன்னது. வாங்கு சொன்னால் எங்கள் வீட்டில் டீவியும் நிற்கும், வாயும் நிற்கும். இருவரும் பள்ளிக்குப் போனோம். தொழுதுவிட்டு, என் இரண்டு காதுகளுக்காகவும் தனியாக ஒரு துஆக் கேட்டேன்.

திரும்பி வந்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. வாசலிலேயே அபாயாத் துணியின் மிச்சத் துண்டொன்றால் கண்ணைக் கட்டச் சொல்லி, கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் கதிரையில் இருத்தச் சொன்னேன்.

முதல் தரம் கொஞ்சம் தாமதித்து வாசித்தான். "பொட்டி" என்றேன். இரண்டாம் தரம் கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. "இது! இதுதான் என்ட! அந்த வால்வுட சூட்டக் கேளு தம்பி. ஒன்ட பொட்டிக்கு இந்த மூச்சு வருமா?"

"ம்... ஓம் காக்கா" என்றான். குரல் ஒரு மாதிரியாக இருந்தது. தோல்வி தொண்டையை அடைக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பத்தும் முடிந்தன. ஆறு தரம் என்னுடையது, நாலு தரம் பெட்டி என்று தீர்ப்புச் சொல்லியிருந்தேன். கட்டை அவிழ்த்தெறிந்தேன். "எத்தின சரி?"

"நாலு" என்றான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு.

"பகிடியா? பாவம், இவ்வளவு நேரம் பாடுபட்டிருக்கி. இஞ்ச தொட்டுப் பாரு, எப்பிடிச் சுடுது எண்டு" என்று அம்பின் மேல் கையை வைத்தேன். மண்பானைத் தண்ணீர் போலச் சில்லென்று இருந்தது. சிவப்பு லைட்டும் எரியவில்லை.

சீலைக்குப் பின்னாலிருந்து மாமி மெதுவாகச் சொன்னார்: "வாங்கு சொல்லக்குள்ள நான்தான் சுவிச்ச ஓஃப் பண்ணின மகன். மறுகா போடச் சொல்லி ஆரும் சொல்லல்லயே."

நான் சகலனைப் பார்த்தேன். "மொதல்ல ஒங்கட அம்பத்தான் மிதிச்சன் காக்கா. சத்தம் வரல்ல. என்ட பொட்டியால வாசிச்சுட்டு, சொல்லுவம் எண்டுதான் இருந்தன். ரெண்டாந்தரம் நீங்க அழுதுட்டீங்க. அதுக்குப் பொறகு எப்பிடிச் சொல்ற? பத்தையும் என்ட பொட்டியாலதான் வாசிச்சன்."

மனைவியின் தங்கை உள்ளே விழுந்து விழுந்து சிரித்தாள். மனைவி சிரிக்கவில்லை.

"எனக்கு மொதல்லயே தெரியும். ஒங்கட அம்ப் பாடினா ஷோகேசுக்குள்ள கிளாசெல்லாம் கிணுகிணுக்கும். இண்டைக்கு ஒண்டுகூட அசையல்ல."

"தெரிஞ்சா ஏன் சொல்லல்ல?"

"நீங்கதானே காதுகாரன்."

வெட்கத்தில் செத்துவிடலாம் போலிருந்தது. ஆனாலும் சொன்ன சொல் சொல்தான். போனை எடுத்து, காரைதீவு சேரின் நம்பரைத் தேடத் தொடங்கினேன். உண்மையாகவே அழுகை வந்தது. இந்த முறை வால்வு ஒன்றும் காரணமில்லை.

"போன வையுங்க" என்றாள் மனைவி. "தோத்தது நீங்க. அது பாவம், வாயே தொறக்கல்லயே. அது இரிக்கட்டும். நீங்கதான் மூலைய விட்டு எழும்பணும்."

அன்றைக்கே என் கதிரை வெளியே போனது. அந்த இடத்துக்குத் தையல் மெஷின் வந்தது. இப்போது நான் நின்றுகொண்டுதான் வாசிக்கிறேன்.