குழித்துறைக் கைகாட்டி

அந்தப் பொம்மை ரயிலை முதலில் ஓட்டுவது நான்தான் என்று அப்பா சொல்லியிருந்தார். விளையாட்டுக்குச் சொன்னதல்ல. வீட்டுக் கூடத்தில் பலகையைப் போட்டு வேலை செய்துகொண்டிருந்தபோது, அம்மாவும் தம்பியும் பக்கத்தில் இருக்கத் தெளிவாகச் சொன்னார். அவர்கள் இருவரும் அதைப் பின்னாளில் மறுக்கவுமில்லை. எனவே என் நினைவு பிசகியிருக்கலாம் என்று யாரும் சமாதானம் சொல்ல வேண்டாம்.

ரயில், மாமா துபாயிலிருந்து கொண்டுவந்தது. தம்பிக்கு என்று எழுதி வந்த பெட்டி. தண்டவாளத்தைப் பூட்டினால் ஒரு வட்டம் வரும், ரயில் அதில் சுற்றிக்கொண்டே இருக்கும். தம்பிக்குச் சீக்கிரமே சலித்துவிட்டது. அப்பா அதைக் கையில் எடுத்து, "சுத்திச் சுத்தி வந்தா அது ரயிலா? ஒரு ஊருல இருந்து இன்னொரு ஊருக்குப் போவாண்டாமா?" என்றார். வளைந்த துண்டுகளை ஒன்றை இடமாகவும் அடுத்ததை வலமாகவும் மாற்றி மாற்றிப் பூட்டினார். வட்டம் மறைந்து, நெளிந்து நெளிந்து முன்னால் போகும் ஒரு பாதை கிடைத்தது.

அப்பா குலசேகரத்துக்குப் பக்கத்தில், எங்கள் திருச்சபை நடத்தும் பள்ளிக்கூடத்தில் ஆய்வக உதவியாளராக இருந்தார். சபையின் ஆண்டு விழாவையொட்டி நாகர்கோவிலில் பொருட்காட்சி வைப்பார்கள். ஒவ்வொரு பள்ளியும் ஏதாவது செய்து கொண்டுபோக வேண்டும். எரிமலை, காற்றாலை, இதயத்தின் மாதிரி என்று வரிசையாக இருக்கும்; எல்லாவற்றுக்கும் முன்னால் கயிறு கட்டி, தொடக் கூடாது என்று எழுதி வைத்திருப்பார்கள். அப்பாவுக்கு அது பிடிக்காது. வருகிறவர்கள் தங்கள் கையால் ஓட்டிப் பார்க்கிற ரயில் வேண்டும் என்றார். அதையும் பஸ்ஸில் கொண்டுபோகிற மாதிரிச் செய்ய வேண்டும்.

ரப்பர் மரப் பலகை மூன்று. பிரித்து அடுக்கினால் ஒரு கட்டு, விரித்துப் போல்ட் போட்டால் ஒரு நீளமான மேசை. ஒரு நுனியில் நாகர்கோவில் ஸ்டேஷன், நடுப் பலகையில் ஆற்றுப் பாலம், மறுநுனியில் குழித்துறை. நாகர்கோவில் பக்கம் ஒரு கைப்பிடி. வலப்பக்கம் திருப்பினால் ரயில் போகும், இடப்பக்கம் திருப்பினால் திரும்பி வரும், நடுவில் வைத்தால் நிற்கும். குழித்துறையில் ஒரு கைகாட்டி மரம். கீழே உள்ள குச்சியை அழுத்தினால் சிவப்புக் கை தாழும், விட்டால் உயரும். அழகுக்கு வைத்தது, ரயிலுக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

தண்டவாள முனைகளை உப்புத்தாளால் தேய்த்தது நான். மரத்தூளில் பச்சைச் சாயம் பிசைந்து வயல் போட்டது நான். தென்னைகளுக்குக் காகிதத்தில் ஓலை நறுக்கியது நான். தம்பி செய்தது, பாலத்தின் மேல் பசை டப்பாவைக் கவிழ்த்தது.

பொருட்காட்சியன்று காலையில் பலகைக் கட்டை, பஸ்ஸின் பின்வாசல் வழியாக ஏற்றினோம். கண்டக்டர் வந்து அதைத் தட்டிப் பார்த்தார்.

"என்ன சாரே, கட்டிலா?"

"தீவண்டி" என்றார் அப்பா. எங்கள் பக்கத்தில் ரயிலுக்கு அதுதான் பெயர்.

"தீவண்டி எனக்க பஸ்ஸில போவுதா? அப்பம் அதுக்கும் டிக்கெட் எடும்."

பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். அன்று நான் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

மண்டபத்தில் பலகைகளைப் பூட்டி முடித்தபோது சபைச் செயலாளர் வந்தார். எங்கள் பள்ளிக்கூடத்துக்குத் தாளாளரும் அவரே. மேசையை ஒருமுறை சுற்றிப் பார்த்தார்.

"ரெண்டு பக்கமும் ஆள் நிக்கணுமா சாரே?"

"ஆமா ஐயா. இந்தப் பக்கம் ஓட்டுதவங்க, அந்தப் பக்கம் கைகாட்டி போடுதவங்க."

"அப்பம் நல்லதாப் போச்சு. ஆராதனையில இருக்கிய மாதிரியே ஆம்பிளைய இந்தப் பக்கம், பொம்பளைய அந்தப் பக்கம். ஒருத்தர ஒருத்தர் இடிக்காம வரிசையாப் போவட்டு."

"முதல்ல ஓட்டப்போறது நானாக்கும்" என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்தார். "மகளா? கெட்டிக்காரி. அவ அந்தக் கைய ஏத்தி இறக்கட்டு. பையன இஞ்ச நிறுத்தும். முதல்ல நான் ஓட்டித் தொடங்கி வைக்கேன்."

அப்பா பேசுவார் என்று காத்திருந்தேன். ஒரு வார்த்தை போதும். பிள்ளைக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்று சொன்னால் போதும். அவர் சொன்னது "செரி ஐயா."

பசை டப்பாவைக் கவிழ்த்தவன் கைப்பிடிக்குப் பக்கத்தில் போய் நின்றான். நெஞ்சை வேறு நிமிர்த்திக்கொண்டான். அப்பா ஸ்க்ரூ டிரைவரோடு குழித்துறைப் பலகைக்கு அடியில் புகுந்தார். வெகுநேரம் வெளியே வரவில்லை. என் முகத்தைப் பார்க்க வெட்கப்பட்டு ஒளிந்துகொண்டிருக்கிறார் என்று நினைத்தேன். வெளியே வந்து முழங்காலைத் தட்டிவிட்டு, "நீ இஞ்ச நில்லு மக்கா. அது நல்ல இடமாக்கும்" என்றார். நல்ல இடமாம்.

செயலாளர் கைப்பிடியைத் திருப்பினார். ரயில் நகரவில்லை. மறுபடி திருப்பினார்.

"கறண்டு இல்லியா?"

தலைக்கு மேல் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. நான் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றேன். இந்த அநியாயம் ரயிலுக்கே பொறுக்கவில்லை என்று தோன்றியது. அப்படியே கெட்டுப் போகட்டும், யாருமே ஓட்ட வேண்டாம்.

"கைகாட்டி இறங்கல்ல ஐயா" என்றார் அப்பா. "இறங்காம வண்டி எடுக்கப்பிடாதுல்லா."

"இறக்கச் சொல்லும்."

"நீங்களே சொல்லுங்க ஐயா. அங்க உள்ள பொறுப்பு அவளுக்குல்லா."

செயலாளர் எட்டிப் பார்த்தார். "ஏட்டி, அதத் தாழ்த்து." நான் நின்றபடியே நின்றேன். சுற்றி இருந்தவர்கள் என்னையே பார்த்தார்கள். அவர் குரலை மாற்றி, "கொஞ்சம் தாழ்த்து மக்ளே, ஆளு நிக்கி பாரு" என்றார். வேண்டாவெறுப்பாகக் குச்சியை அழுத்தினேன். ரயில் புறப்பட்டது. எல்லோரும் கை தட்டினார்கள், அவருக்கு. நான் போட்ட வயல்களின் நடுவே அவருடைய ரயில் போயிற்று.

அதன் பிறகு நாள் முழுக்க அந்தப் பக்கம் நின்று, வருகிற பெண்களுக்கெல்லாம் குச்சியைக் காட்டிக் கொடுத்தேன். அவர்கள் அதில் என்ன கண்டார்களோ, அவர்கள் வரிசை வெயிலில் வாசலுக்கு வெளியே நீண்டது. எனக்கு அது இன்னும் எரிச்சலாக இருந்தது. கைப்பிடியைக் கொடுக்காமல் குச்சியைக் கொடுத்தால் இவர்களுக்குக் கோபம் வர வேண்டாமா? ஒரு அம்மாள் வந்தாள். எதிர்ப்பக்கம் கைப்பிடியில் அவள் வீட்டுக்காரர். ரயில் பாலத்தின் நடுவே போகும்போது குச்சியை விட்டுவிட்டாள். ரயில் அங்கேயே நின்றது.

"வண்டிய விடு. பின்னால ஆளு நிக்கி" என்றார் வீட்டுக்காரர்.

"எங்க அம்மைக்க வீட்டுக்குப் போணும்னு கேட்டேனே, நினைவிருக்கா?"

"இருக்கு. இப்பம் அதா பேச்சு?"

"எப்பம் போறோம்?"

"வீட்டுல வச்சுப் பேசுவோம்."

"செரி. வண்டி இஞ்சயே நிக்கட்டு."

"வேய், ஒத்துக்கிடும்" என்றார் அவருக்குப் பின்னால் நின்றவர். "உம்மாலே எங்க வண்டியும்லா பாலத்துல நிக்கி."

"வாற சனிக்கிழமை போவோம். போருமா?"

கை தாழ்ந்தது. பெண்கள் வரிசை முழுவதும் சிரித்தது. குழந்தையை இடுப்பில் வைத்திருந்த ஒருத்தி, கேட்க வேண்டியதை யோசித்து வைத்திருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு முன்னால் வந்தாள். நான் மட்டும் உம்மென்று நின்றேன். அப்பா எங்கே என்று தேடினேன். தூணில் சாய்ந்து கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் சிரிப்பை மறைக்கிறார் என்று கண்டதும் என் கோபம் இரட்டித்தது.

பல வருடங்கள் கழித்துப் பலகைகளைப் புரட்டிப் போட்டபோதுதான் குழித்துறையின் அடிப்பக்கத்தைப் பார்த்தேன். தண்டவாளத்துக்குப் போகும் கம்பியை வெட்டி, கைகாட்டிக் குச்சிக்குக் கீழே ஒரு செப்புத் தகட்டின் வழியாக விட்டிருந்தார் அப்பா. குச்சியை அழுத்தினால்தான் தகடு தொடும், தொட்டால்தான் மின்சாரம். அந்த வருடம் அப்பாவுக்கு வேலை நிரந்தரமாகவில்லை என்பதும், அதற்குத் தாளாளரின் கையெழுத்து வேண்டியிருந்தது என்பதும் அம்மா சொல்லித் தெரிந்தது. அப்பாவால் பேச முடியவில்லை. பேசாமல் செய்யக்கூடியதைச் செய்தார். இதெல்லாம் எனக்கு இப்போது தெரியும். ஆனாலும் என் கோபம் முழுதாக ஆறிவிட்டது என்று எழுதினால் அது பொய். பலகைக்கு அடியில் போடுகிற கம்பி, மேலே எல்லோர் முன்னாலும் சொல்லியிருக்க வேண்டிய ஒரு வார்த்தைக்கு ஈடாகாது. அந்த இரண்டு வரிசையும் அன்று அப்படியேதான் நின்றன. அப்படி நிறுத்தியவருக்கு வெட்கம் ஒன்றும் வந்ததாகத் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் கூட்டம் கலைந்தது. தம்பி நாற்காலியில் தூங்கிவிட்டான். அப்பா என்னைக் கூப்பிட்டார்.

"வா மக்கா. இப்பம் நீ ஓட்டு."

எல்லோரும் ஓட்டி முடித்த பிறகு. இருந்தாலும் போனேன். கைப்பிடியை வலப்பக்கம், கடைசி வரைக்கும் திருப்பினேன். ரயில் அசையவில்லை. நிமிர்ந்து பார்த்தால் அப்பா குழித்துறையில் நின்றுகொண்டிருந்தார். சிவப்புக் கை உயர்ந்தே இருந்தது.

"கேளு" என்றார்.

"எதுக்குக் கேக்கணும்?"

"எல்லாரும் உன்கிட்ட கேட்டாங்கல்லா. ஐயாவும் கேட்டாருல்லா. அதே மாதிரி நீ என்கிட்ட கேளு. எப்படி இருக்குன்னு பாரு."

கடைசியாகக் கிடைத்ததற்கும் கெஞ்ச வைக்கிறார் என்றுதான் எனக்குப் பட்டது. கைப்பிடியைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வாசலைப் பார்த்து நடந்தேன். அப்பா பின்னாலிருந்து ஒருமுறை கூப்பிட்டார். நான் நிற்கவில்லை. பிறகு, ரயில் புறப்பட்டு, பாலத்தின் மேல் கடகடத்துக்கொண்டு போய்க் குழித்துறையில் நிற்பது கேட்டது.

நான் கேட்காததால் அப்பாவே ஓட்டிக்கொள்கிறார் என்று நினைத்து, படியில் உட்கார்ந்து அழுதேன். அவர் நின்றது மறுநுனியில், குச்சிக்குப் பக்கத்தில் என்பதோ, கைப்பிடியை வலப்பக்கம் திருப்பியபடியே விட்டு வந்தது நான் என்பதோ அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.