மேட்டையும் சேர்த்துப் போட்ட பாதை

அப்பா மருத்துவமனையிலிருந்து திரும்பி வந்தபோது எனக்குப் பத்து வயது. அவருடைய நெஞ்சில் ரத்தக் குழாய் அடைத்துக்கொண்டது என்றும், ஜோகூர் பாருவில் அதற்குள் ஒரு சிறிய கம்பி வலையை வைத்துச் சரிசெய்துவிட்டார்கள் என்றும் பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள். எங்கள் சமையலறைத் தொட்டியின் ஓட்டையிலும் ஒரு வலை இருந்தது, சோற்றுப் பருக்கை போய் அடைக்காமல் இருக்க. அது மாதிரி ஒன்றைத்தான் வைத்திருக்கிறார்கள் என்று நான் முடிவுசெய்துகொண்டேன். வைத்தாயிற்று, அப்பாவும் வந்தாயிற்று. அதற்குப் பிறகு என்ன கவலை என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

அப்பா எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டியவர். சிகாமட்டைச் சுற்றியிருக்கும் தோட்டத்துச் செம்மண் சாலைகளில் அவருக்குத் தெரியாத வளைவு கிடையாது. அப்படிப்பட்டவரை வீட்டில் உட்காரவைத்தால் என்ன ஆகும்? மின்விசிறியைக் கழற்றித் துடைத்தார். துடைத்த விசிறியை மறுநாளும் கழற்றினார். கடைசியில் டாக்டர், மூச்சு வாங்காத அளவுக்குச் சைக்கிள் மிதிக்கலாம் என்று சொல்லிவிட்டார். அப்பாவின் காதில் சைக்கிள் மட்டும் விழுந்தது. அம்மாவின் காதில் மூச்சு மட்டும் விழுந்தது.

அன்று மாலையே அப்பாவும் நானும் கார் நிறுத்துகிற சிமெண்டுத் தரையில் சாக்கட்டியால் பாதை போட ஆரம்பித்தோம். போன வழியில் திரும்பி வரக் கூடாது, வட்டமாக வர வேண்டும் என்பது என் நிபந்தனை. எங்கள் தாமான் குடியிருப்பிலிருந்து புறப்பட்டு, ஆற்றோரமாகப் போய், தோட்டத்து மேட்டில் ஏறி, மறுபக்கம் கம்பத்துக் கிராமம் வழியாக இறங்குவது அப்பாவின் திட்டம். அந்த மேட்டில் பழைய மரங்களைச் சாய்த்துவிட்டுப் புதுக் கன்று நட்டிருந்தார்கள். மேலே நின்றால் நான்கு பக்கமும் தெரியும் என்றார்.

அம்மா துணி மடிப்பதை விட்டுவிட்டு வந்து பார்த்தார்.

“ஆத்து ஓரமா வேணாம். அங்க ஒரு வீடு கெடையாது.”

“அங்கதான் காத்து நல்லா வரும்லா” என்றார் அப்பா.

“தாமான் வழியாப் போங்க. கிளினிக் பக்கமாத் திரும்பிக்கலாம்.”

“அலமாக்! அங்க பாக்க என்னம்மா இருக்கு? கேட்டும் நாயும்தான்” என்றேன் நான்.

“ஆளுங்க இருப்பாங்க” என்றார் அம்மா.

காலால் ஆற்றை அழித்துவிட்டார். அவர் மேட்டையும் அழிக்கப் போனபோது அப்பா அதன் மேல் தன் காலை வைத்துக்கொண்டார். ஏற்றத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் போவேன் என்று அப்பா வாக்குக் கொடுத்த பிறகுதான் அம்மா நகர்ந்தார்.

அப்போதெல்லாம் ஜோகூரில் வெள்ளியும் சனியும்தான் வார விடுமுறை. சனிக்கிழமை வெயில் ஏறுவதற்குள் கிளம்பினோம். முதல் தாமானில் கேட்டும் நாயும். இரண்டாவது தாமானில் வேறு கேட், வேறு நாய். கிளினிக் முனையில் அம்மா தன் மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்திருந்தார். கீரை வாங்க வந்தாராம். சாலை கம்பத்துக்குப் பிரிகிற இடத்தில் ரொட்டிக் கடை வாசலிலும் நின்றிருந்தார். அங்கேயும் கீரை. எங்கள் வீட்டில் யாருக்கும் கீரை பிடிக்காது என்பதால், அன்றைய மதியச் சாப்பாட்டை நினைத்து நான் வருத்தப்பட்டேன்.

மேடு வந்தது. நிழல் கொடுக்க ஒரு மரம் இல்லை. வெட்டவெளிச் சரிவில் இடுப்பு உயரக் கன்றுகள் வரிசையாக நின்றன. காற்று தடையில்லாமல் வந்தது. அப்பா இறங்கித் தள்ளத்தான் செய்தார். நான் நெளிந்து நெளிந்து மிதித்து அவரைத் தாண்டிப் போய், “அப்பா தோத்துட்டாரு!” என்று கத்தினேன். அவர் சிரித்தார். சைக்கிளில் ஏறினார்.

உச்சியில் நான்தான் முதலில் வந்தேன். பின்னால் வந்தவர் சைக்கிளைப் புல்லில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தார். முகமெல்லாம் வேர்வை. எனக்கோ ஒரே உற்சாகம். ரயில் தண்டவாளம் தெரிகிறது, கோயில் கோபுரம் தெரிகிறது, நம் தாமானின் தண்ணீர்த் தொட்டி தெரிகிறது என்று அடுக்கிக்கொண்டே போனேன். அவர் ஒவ்வொன்றுக்கும் தலையை மட்டும் ஆட்டினார்.

“அப்பா, கீழ எறங்கலாமா?”

“கொஞ்சம் இரும்மா. நல்லாப் பாத்துக்க.”

அப்பாவுக்கும் காட்சி பிடித்துப்போய்விட்டது என்று நினைத்தேன்.

செம்மண் பாதையில் மோட்டார் ஏறி வரும் சத்தம் கேட்டது. அம்மா வந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அப்பாவின் பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்து அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டார். தலை குனிந்திருந்தது. உதடுகள் மட்டும் மெல்ல அசைந்தன.

எங்கள் வீட்டில் அவர்கள் இருவரும் கைகோத்து நான் பார்த்ததில்லை. எனக்கு ஒரே கூச்சமாகிவிட்டது. திரும்பி நின்று கன்றுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு யாராவது மேட்டுக்கு வந்து பார்த்துவிட்டால் என்ன நினைப்பார்கள் என்று பயமாகவும் இருந்தது.

“போதும்லா, விடு” என்றது அப்பாவின் குரல்.

“பேசாதீங்க” என்றார் அம்மா. சண்டைக் குரல் இல்லை அது.

வெகுநேரம் கழித்து அப்பாவை மோட்டாரின் பின்னால் உட்காரவைத்து, என்னையும் அதே வழியில் திரும்பி வரச் சொன்னார். வட்டம் முடியவில்லையே என்று நான் வழியெல்லாம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தேன். கிளினிக்கில் பார்த்துவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். அப்பா சில மாதங்களில் லாரிக்கே திரும்பினார். இன்றும் நன்றாக இருக்கிறார்.

இடைநிலைப்பள்ளியில் முதலுதவி வகுப்பு ஒன்று வைத்தார்கள். ஜோடி ஜோடியாக உட்கார்ந்து நாடி பார்க்கச் சொன்னார் ஆசிரியை. பக்கத்திலிருந்த தோழியின் மணிக்கட்டில் விரல்களை வைத்து, மறு கையிலிருந்த கடிகாரத்தைக் குனிந்து பார்த்தபடி, உதட்டுக்குள் எண்ண ஆரம்பித்தேன். மேட்டின் மேல் அம்மா அன்று கைகோத்துக்கொண்டிருக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

எண்ணிக்கை பாதியில் விட்டுப்போயிற்று. ஆசிரியை மறுபடியும் முதலிலிருந்து எண்ணச் சொன்னார்.