பச்சை விளக்கும் இரண்டாவது லைனும்

குமுளிக்கு மேலே எங்கள் எஸ்டேட் லயத்து வரிசை வீடுகளில் என் வீட்டுக்கு மட்டும்தான் இரண்டு இன்டர்நெட் லைன். வசதி என்று நினைத்துவிட வேண்டாம். நான் கேபிள்காரரிடம் போஸ்ட் ஏறுகிற ஆள். ஆறாம் வகுப்பும் நானும் ஒரே வருஷத்தில் ஒருவரையொருவர் கைவிட்டவர்கள். மிச்சம் விழுந்த ஒயரை மலைக்குப் பின்பக்கமாக இழுத்து இரண்டாவது லைன் போட்டுக்கொண்டேன். ஒன்று போனால் மற்றதற்குத் தானாக மாறுகிற பெட்டியை முதலாளி வைத்துக் கொடுத்தார். அதை லயம் முழுக்கப் பீற்றித் திரிந்தது மட்டும் என் சொந்த உழைப்பு.

தங்கச்சி நர்ஸுக்குப் படித்தவள். வெளிநாட்டு ஆஸ்பத்திரி வேலைக்கு அன்று காலை கம்ப்யூட்டரில் இன்டர்வியூ. கிடைத்தால் அம்மா ஏலக்காட்டுக்குப் போவதை நிறுத்திவிடலாம். வெளியே மழை. கரண்ட் போய்விடும் என்று பயந்து எல்லாவற்றுக்கும் பேட்டரி மாட்டிவைத்தேன். எங்கள் மலையில் எது நின்றாலும் முதலில் விளக்கைத்தான் பார்ப்போம். எரிந்தால் எல்லாம் சரி. அணைந்தால் கரண்ட் ஆபீஸைத் திட்டுவோம். வேறு கோளாறு எங்களுக்குத் தெரியாது.

இரண்டு கேள்விக்கு நன்றாகப் பதில் சொன்னாள். மூன்றாவதில், திரையில் கேள்வி கேட்ட அம்மாள் வாயைத் திறந்தபடியே உறைந்துபோனாள்.

"அண்ணே, படம் நின்னுபோச்சு!"

பெட்டியைப் பார்த்தேன். "லைன் நல்லாத்தான் இருக்கு புள்ள. பச்சை எரியுதுல்ல? கோளாறு அவுங்க ஊர்ல."

"இன்னொரு லைனுக்கு மாத்தேன்."

"போயிருந்தா அதுவே மாறியிருக்கும். நீ கைய வச்சுக் கெடுத்துராத."

"நீ என்ன பெரிய இஞ்சினியரா? முதலாளிய கேளுண்ணே!"

லயத்தில் போனுக்கு சிக்னல் கிடையாது. மழையில் ரோட்டு வளைவில் இருக்கிற கடை வரை ஓடிப்போய் முதலாளியைக் கூப்பிட்டேன்.

"எடா, கடைக்குக் கீழ மரம் விழுந்து ஃபைபர் அறுந்து கெடக்கு," என்றார்.

"பச்சை எரியுதே சேட்டா?"

"உன் பெட்டி, கடையில இருக்கிற பெட்டி வரைக்கும்தான் பாக்கும். கடைப்பெட்டி உயிரோட இருந்தா லைன் இருக்குன்னு நெனச்சுக்கும். அதுக்கு அந்தாண்ட அறுந்தது உன் பெட்டிக்கு எங்க தெரியும்? டவுன் வரைக்கும் கூப்பிட்டு, பதில் வருதான்னு பாத்துக்கிட்டே இருக்கிற பெட்டி வேற. விலை கூட. நீ போய் முதல் லைன் ஒயரைப் பிடுங்கு, போ!"

ஓடிவந்து பிடுங்கினேன். விளக்கு அணைந்ததும் பெட்டி சட்டென்று இரண்டாவது லைனுக்குப் போய்விட்டது. அவ்வளவு வேகம்! லைன் அருமையாக இருந்தது. இன்டர்வியூ முடிந்துவிட்டதாகத் திரையில் பளிச்சென்று எழுத்து வந்தது.

மழை, மரம், ஒயர் என்று எல்லாவற்றையும் விளக்கித் தங்கச்சி அன்றே மெயில் போட்டாள். சில நாள் கழித்துப் பதில் வந்தது. இடம் நிரம்பிவிட்டதாம்.

"மரத்துக்கு வேலை கெடைச்சிருக்கும்," என்று சொல்லிப் பார்த்தேன். என் ஜோக்குக்கு எப்போதும் முதலில் சிரிப்பவள் அவள். அன்று கம்ப்யூட்டரை மூடிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

மறுநாள் விடிந்ததும் அம்மா தலையில் பிளாஸ்டிக் தாளைக் கட்டிக்கொண்டு ஏலக்காட்டுக்குக் கிளம்பினாள். பின்னாலேயே தங்கச்சியும் ஒரு தாளைக் கட்டிக்கொண்டு இறங்கினாள்.